ஓப்பல் மணிமாலை: கழுத்துக்குப் போகுமுன் கணக்குப் பார்ப்போம்

“கூலிக்காரனுக்கு நகை எதற்கு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்கிறவர்களின் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நகைக்குக் குறைவு இருக்காது. நாம் அந்தக் கேள்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இரவு ஷிப்டில் நின்று நூல் முடிகிற பெண்ணுக்கும், முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கும் கழுத்தில் நாலு மணி கோத்துப் போட்டுக்கொள்ள ஆசை வந்தால், அது நியாயமான ஆசை. அழகு எந்த மிராசுதார் வீட்டுப் பட்டாவிலும் எழுதி வைக்கப்படவில்லை.

ஆனால் ஆசைப்பட்டவள் ஏமாறக் கூடாது. அதைத்தான் நாம் இங்கே பேச வந்தோம்.

இன்று ராசிக்கல் கடை, தங்கநகைக் கடை, கண்காட்சிக் கடை எங்கும் ஓப்பல் என்ற கல் பேசப்படுகிறது. மணியாகக் கோத்த சரங்கள் தொங்குகின்றன. “இது நூறு வருஷத்துப் பழைய சரம்” என்று ஒரு கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். “இது புது மோஸ்தர்” என்று இன்னொருவர் வேறு விலை சொல்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. தீபாவளி போனஸ் கையில் இருக்கிறது. என்ன செய்வது? முதலில் அந்தக் கல் எது, எங்கிருந்து வருகிறது, யார் கைபட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்.

இது என்ன கல்?

ஓப்பல் என்பது மணலின் சொந்தக்காரன். மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் தண்ணீரில் கரைந்து, பாறை வெடிப்புகளில் கசிந்து இறங்கி, நெடுங்காலம் கிடந்து இறுகினால் ஓப்பல். கல்லாக இறுகிய பிறகும் அதற்குள் தண்ணீர் இருக்கிறது. பெரும்பாலும் எடையில் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை தண்ணீர்.

அதற்குள் வானவில் எப்படி வந்தது? 1964ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மின்னணு உருப்பெருக்கி வைத்து இதற்கு விடை கண்டார்கள். கல்லுக்குள்ளே மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், ஆரஞ்சுப் பழங்களை அடுக்கினாற்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐயாயிரம் உருண்டைகளை வரிசை வைக்கலாம், அவ்வளவு சிறியவை. அந்த அடுக்கில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போது சிவப்பும் பச்சையும் நீலமும் பிரிகின்றன. கல்லைத் திருப்பினால் வர்ணம் இடம் மாறுகிறது. அடுக்கு ஒழுங்கில்லாமல் இருந்தால் வர்ண விளையாட்டு இல்லை. அது பொதுவகை ஓப்பல். அதுவும் இயற்கைக் கல்தான், ஆனால் விலை குறைவு.

ஆக, இதில் மாயம் ஒன்றும் இல்லை. மணலும் தண்ணீரும் காலமும் வெளிச்சமும் சேர்ந்து செய்த வேலை.

தோண்டியவர்கள் யார்?

உலகச் சந்தையில் ஓப்பல் என்றால் நெடுங்காலம் ஆஸ்திரேலியாதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் கூபர் பெடி என்று ஓர் ஊர். 1915 பிப்ரவரியில் தங்கம் தேடி வந்த ஒரு கூட்டத்தோடு இருந்த மீசை முளைக்காத பையன் ஒருவன் அங்கே ஓப்பலைக் கண்டெடுத்தான். பிறகு முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வந்தார்கள். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு கிரீஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி ஏழைகள் வந்தார்கள். வெயில் தாங்காமல் பூமியைக் குடைந்து, அந்தக் குகைக்குள்ளேயே குடும்பம் நடத்தினார்கள். இன்றும் அங்கே பலர் பூமிக்கு அடியில்தான் வசிக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓப்பல் எந்த இடத்தில் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து அடி தள்ளித் தோண்டியவனுக்குக் கிடைக்கும். பத்து வருஷம் தோண்டியவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் இந்தத் தொழில் பெரும்பாலும் தனி ஆட்கள், இரண்டு மூன்று கூட்டாளிகள் கையில் நடந்தது. நஷ்டம் தோண்டுகிறவன் தலையில். கல் கிடைத்தால் மட்டும் வியாபாரி வருவான்.

கூபர் பெடிக்குப் பக்கத்து வட்டாரமான அண்டமூக்காவில் எடுத்த 203 காரட் கல் ஒன்று, 1954ல் எலிசபெத் ராணி ஆஸ்திரேலியா வந்தபோது கழுத்து மாலையாகப் பரிசளிக்கப்பட்டது. ராணியின் கழுத்து எல்லாருக்கும் தெரிகிறது. கல்லைத் தோண்டிய கை யாருக்கும் தெரிவதில்லை.

வேறு விதமாகவும் நடந்ததுண்டு. 1987ல் கூபர் பெடியில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு, பல கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கடல் பிராணி ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. எலும்பு முழுவதும் ஓப்பலாக மாறியிருந்தது. வெட்டித் துண்டு போட்டால் நகைக் கல். ஆனால் 1993ல் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பொதுமக்கள் காசு சேர்த்து அதை வாங்கி, சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அது ஒருவர் கழுத்தில் இல்லை. எல்லார் கண் முன்னும் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால் எந்தப் பொருளையும் சந்தையின் வாயிலிருந்து மீட்கலாம் என்பதற்கு இது சாட்சி.

எத்தியோப்பியா மலையும் ஜெய்ப்பூர் பட்டறையும்

இன்றைய மணிச் சரங்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாக் கல் அல்ல. 2008ல் எத்தியோப்பியாவின் வொல்லோ பிரதேசத்தில், வெகல் டேனா என்ற ஊர்ப்பக்கம், மலைச் சரிவில் ஓப்பல் கிடைத்தது. அங்கே தோண்டுகிறவர்கள் விவசாயிகள். நம்மைப் போல மானாவாரிப் பயிரை நம்பி, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பவர்கள். செங்குத்தான மலை விளிம்பில் கையால் சுரங்கம் குடைகிறார்கள். முட்டுக் கொடுக்க மரம் கிடையாது. 2024 பிப்ரவரியில் அந்த வட்டாரத்தின் டெலன்டா பகுதியில் ஒரு சுரங்கம் சரிந்து, இருபது பேர் அளவில் உள்ளே சிக்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. நகைக்கடை விலைச்சீட்டில் அந்தச் செய்தி எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

அந்தக் கல் மூட்டை மூட்டையாக நமது நாட்டுக்கு, ராஜஸ்தானத்து ஜெய்ப்பூருக்கு வருகிறது. கல்லை அறுப்பது, உருட்டுவது, பட்டை தீட்டுவது, துளை போடுவது, மெருகேற்றுவது, அளவு பார்த்துக் கோப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. மணிக்குத் துளை போடுவதுதான் கடினமான வேலை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று மெல்லிய ஊசி கொண்டு, தண்ணீர் விட்டு, இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும்படி போட வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினால் மணி பிளந்துவிடும். அதிலும் எத்தியோப்பியக் கல் தண்ணீரை உறிஞ்சும் ஜாதி. நனைந்தால் கண்ணாடி போலத் தெளிந்து வர்ணம் மறைந்துவிடும். காய்ந்தால்தான் மறுபடி வர்ணம் தெரியும். அதுவரை தொழிலாளி காத்திருக்க வேண்டும்.

மணித் தொழில் என்றாலே குஜராத்தின் கம்பாத் நினைவுக்கு வர வேண்டும். பல தலைமுறையாக அங்கே அகேட் கல்லில் மணி செய்கிறார்கள். அந்தக் கல்தூசு நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸ் நோய் அங்கே குடும்பம் குடும்பமாகப் பிடித்திருக்கிறது. ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில் சுகாதார நிலையத்தின் டாக்டர்களே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பஞ்சுத் தூசு படிந்து மூச்சு வாங்குகிற நமது ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓப்பலும் அகேட்டும் ஒரே கல் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் கல் எதுவானாலும், தண்ணீர் விட்டு அரைப்பதும் தூசு இழுக்கும் விசிறி வைப்பதும் பட்டறை முதலாளியின் கடமை. அதற்கு ஆகிற செலவு ஒரு மணிக்குச் சில காசு. அந்தக் காசை மிச்சம் பிடிப்பது தொழிலாளியின் மூச்சை மிச்சம் பிடிப்பது.

“பழைய சரம்” என்ற பேச்சு

இனிக் கடைக்குப் போவோம். பழைய நகைக்குக் கிராக்கி உண்டு. அது தப்பல்ல. பழைய சரம் வாங்கினால் புதிதாக எவனும் மலையைக் குடைய வேண்டியதில்லை. ஆனால் ‘பழைய’ என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்கக் கூடாது. கல்லையும் கோப்பையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த ஓப்பல் பெரும்பாலும் இன்றைய ஸ்லோவாகியாவில் உள்ள துப்னிக் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்க வேலை 1922ல் நின்றுபோனது. ஆஸ்திரேலியாக் கல் 1890ஆம் வருஷங்களில் சந்தைக்கு வந்தது. 1920ஆம் வருஷங்களில் நடுவில் பெரிய மணி, இரண்டு பக்கமும் போகப்போகச் சிறிய மணி, இடையிடையே ஸ்படிக வில்லை என்று கோத்த மாலைகள் மேல்நாட்டில் வழக்கமாக இருந்தன. இந்தத் தேதிகளை மனதில் வைத்தால் பொய் தானாக வெளிவரும்.

எப்படி? தொழிற்சாலையில் செய்த ஓப்பலை ழில்சான் என்ற பிரெஞ்சுக்காரர் சந்தைக்குக் கொண்டு வந்தது 1974ல். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வர்ணத் திட்டுகள் பல்லித் தோல் போல வரிவரியாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தூண் தூணாக நிற்கும். அப்படிப்பட்ட மணி இருக்கிற சரத்தை “1920ல் செய்தது” என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விவரம் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பழைய சரத்தில் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. மணிக்கு மணி முடிச்சுப் போட்டிருக்கிறதா? முடிச்சு இருந்தால் மணியோடு மணி உரசாது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். நூல் நைந்திருந்தால் புதிதாகக் கோக்க ஆகும் கூலியை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். துளை ஓரம் உடைந்திருக்கிறதா? வெளிச்சத்தில் பிடித்தால் மணிக்குள் சிலந்தி வலை போல வெடிப்பு தெரிகிறதா? அது கல் தண்ணீர் இழந்து வெடித்த குறி. வெடித்த கல்லுக்கு வைத்தியம் இல்லை.

புதுச் சரமும் புது வேஷமும்

புதிய சரத்தில் ஏமாற்று வேறு மாதிரி. முதலாவது, கண்ணாடி. ‘ஓப்பலைட்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பெயரில் ஓப்பல் இருக்கிறது, பொருளில் இல்லை. அது பால் நிறக் கண்ணாடி. கறுப்புத் துணி மேல் வைத்தால் நீலம் தட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு தட்டும். உள்ளே சிறு காற்றுக் குமிழி இருக்கலாம். திருப்பினால் சிவப்பும் பச்சையும் துள்ளி இடம் மாறாது. கண்ணாடி மணி அழகாக இல்லை என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடி விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது, சாயம். தண்ணீரை உறிஞ்சுகிற கல் சாயத்தையும் உறிஞ்சும். வெளிறிய எத்தியோப்பியக் கல்லைப் புகையில் வைத்துக் கறுப்பாக்குகிறார்கள். அண்டமூக்கா கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுகிறார்கள், உள்ளே போன சர்க்கரை கருகிக் கரியாகிறது, கல் கறுப்பாகிறது. ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் இயற்கைக் கறுப்பு ஓப்பல்தான் ஓப்பலில் விலை உயர்ந்த ஜாதி. கருக்கிய கல்லை அந்த விலைக்கு விற்றால் அது பச்சை மோசடி. கருக்கியது என்று சொல்லி விற்றால் வியாபாரம். சொல்வதா, மறைப்பதா என்பதில்தான் வித்தியாசம்.

மூன்றாவது, ஒட்டு. பதக்கத்திலும் மோதிரத்திலும் மெல்லிய ஓப்பல் தகட்டைக் கறுப்புக் கல் மேல் ஒட்டி, அதன் மேல் ஸ்படிக மூடி வைப்பார்கள். இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று அதற்குப் பெயர். பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டுக் கோடு நேராகத் தெரியும்.

நான்காவது, எடை. கல்லுக்குச் சொல்கிற காரட் எடை. தங்கத்துக்குச் சொல்கிற காரட் தூய்மை. இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். கல்லில் ஐந்து காரட் ஒரு கிராம். ஐம்பது காரட் சரம் என்று பெருமையாகச் சொன்னால் பத்து கிராம்தான். தங்கத்தில் கோத்த நகையானால் கல் எடையைக் கழித்துத் தங்க எடை தனியாக, கல் விலை தனியாக, செய்கூலி, சேதாரம் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் நூலுக்கும் தங்க விலை கொடுத்து வருவோம். இன்னொன்று: கஷ்டம் வந்து அடகு வைக்கப் போகும்போது பாங்கியும் சரி, சேட்டும் சரி, கல்லைக் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஆகவே ஓப்பல் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிடித்திருந்தால் போட்டுக்கொள்ள வாங்கலாம். முதலீடு என்று நினைத்து வாங்கக் கூடாது.

வாங்கிய பிறகு? இது மென்மையான கல். தெருப் புழுதியில் உள்ள மணலே இதைக் கீறும். அடுப்பு வெக்கை ஆகாது. எண்ணெய், சோப்பு, அத்தர் ஆகாது. உறிஞ்சுகிற ஜாதியானால் மஞ்சள் பூத்துவிடும். குளிக்கும்போது கழற்றி வைத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ராசி யாருக்கு?

நமது பக்கத்தில் ஓப்பலைச் சுக்கிரனுக்கு உரிய கல் என்கிறார்கள். வைரம் வாங்க முடியாதவன் ஓப்பல் போட்டால் அதே பலன் என்கிறார்கள். ஐரோப்பாவில் என்ன நடந்தது தெரியுமா? 1829ல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலில் ஓப்பல் அணிந்த ஒரு பெண்ணுக்குத் தீங்கு வருகிறது. அதைப் படித்துவிட்டு, ஓப்பல் துரதிர்ஷ்டம் என்று பயந்து பலர் வாங்க மறுத்தார்கள். பின்னால் விக்டோரியா ராணி போட்டதும் பயம் தெளிந்தது. 1912ல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடி மாதத்துக்கு ஒரு கல் என்று பட்டியல் போட்டு, அக்டோபருக்கு ஓப்பலை வைத்தது.

ஒரே கல். ஓர் ஊரில் அதிர்ஷ்டம். ஓர் ஊரில் துரதிர்ஷ்டம். இன்னோர் ஊரில் வியாபாரிகள் தீர்மானம். கல் என்ன செய்யும், பாவம்! மலையைக் குடைந்து நாள் முழுதும் அதைக் கையில் வைத்திருக்கிற எத்தியோப்பிய விவசாயிக்கு வராத சுக்கிர தசை, நமக்கு விரலில் ஒரு துண்டு போட்டால் வந்துவிடுமா? கூலி உயர்ந்தால் அது தசை. கடன் தீர்ந்தால் அது தசை. அழகுக்கு வாங்குங்கள், பரிகாரத்துக்குக் கடன் வாங்கி வாங்காதீர்கள்.

பில் கேளுங்கள்

நமது அபிப்பிராயம் இதுதான். 2021 ஜூன் மாதம் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. நல்லது. ஆனால் கல்லுக்கு அப்படிக் கட்டாய முத்திரை இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் கண்ணாடி ஓப்பலாகிறது, கருக்கிய கல் கறுப்பு ஓப்பலாகிறது. கல் இயற்கையா, செய்ததா. சாயம், புகை, ஒட்டு உண்டா. எந்த நாட்டுக் கல். எத்தனை காரட் என்ற நாலு வரி ஒவ்வொரு பில்லிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட வேண்டும். இதைக் கேட்பது பணக்காரர்களின் வேலை என்று இருக்கக் கூடாது. லட்ச ரூபாய்க்கு வாங்குகிறவனுக்குச் சோதனைச் சாலைச் சான்றிதழ் தேடி வரும். ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிற நமக்குத்தான் சட்டம் வேண்டும்.

உத்தரவு வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறைகேடான வியாபாரம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறைகேடுதான். ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் வழக்கு நொண்டும். ஆகவே, “பில் போட்டால் வரி சேரும், வேண்டாமே அக்கா” என்று கடைக்காரர் குழைந்தால், அந்தக் குழைவுக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

தோழர்களே! கடையில் நிற்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இது என்ன கல்? இதைத் தோண்டியவனுக்கும் துளை போட்டவனுக்கும் என்ன கிடைத்தது? முதல் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாது. ஆனாலும் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால், பதில் சொல்ல வேண்டியவர்கள் தேடி வந்து சொல்வார்கள்.